ஓசையில்லாக் கோல்

வீணைக்கு நரம்பு உண்டு. குழலுக்குத் துளை உண்டு. மத்தளத்திற்குத் தோல் உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லாத ஒரு கருவியைக் கையிற் பிடித்து, அவையோருக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவரை இசைவாணர் என்று மேல்நாட்டார் போற்றுகின்றனர். அவர் கையில் இருப்பது ஒரு முழத்திற்கும் குறைந்த மெல்லிய கோல். அதிலிருந்து ஒரு சுரமும் எழுவதில்லை. ஆயினும் அது அசையும் வரையில் அவர் முன்னே அமர்ந்திருக்கும் நூறு பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக் காத்திருக்கின்றனர். ஓபரா எனப்படும் இசை நாடகமும் பாலே எனப்படும் நாட்டிய நாடகமும் அந்தக் கோலின் அசைவில்தான் நடக்கின்றன. அதைப் பிடித்திருப்பவருக்கு அங்கே கண்டக்டர் என்று பெயர்.

இந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் எழுப்பிய குழப்பத்தைச் சொன்னால் நேயர்கள் நகைப்பர். சென்ற தை மாதம் உறவினர் இருபது பேராகப் பொன்முடிக்குச் சென்றிருந்தோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக ஏறுகிற பாதை அது. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எங்களுக்கு அது வெறும் உல்லாசப் பயணம் அன்று. என் பாட்டனார் அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து குடியேறிய மலை அது. என் தந்தையார் அங்கே ஒரு லயத்தில்தான் பிறந்தார். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். லயத்தில் பிறந்தவர் என்பதாலோ என்னவோ, அவருக்குத் தாளம் ஒருநாளும் தவறியதில்லை என்று என் தாயார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அன்று உணவு முடிந்து புல்வெளியில் அமர்ந்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, தான் கண்டக்டராக வேண்டும் என்று சொன்னாள். என் மைத்துனர் சிறிதும் தயங்காமல், "பஸ்ஸிலா? எந்த டிப்போவில் அம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ஆறு வயது முதல் வயலின் பயில்பவள். பள்ளியில் இருபது பிள்ளைகளைக் கூட்டி வாசிக்க வைத்தவள். தனக்கு மருத்துவப் படிப்பு வேண்டாம்; மேல்நாட்டு இசையை முறையாகக் கற்று, ஓபராவும் பாலேயும் நடத்தும் தொழிலுக்குச் செல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள்.

அதன் பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனெனில் அவளுடைய மருத்துவப் படிப்புக்கென்று எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் குறித்து வைக்கப்பட்டிருந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுக்கு எஞ்சியிருக்கும் சிறு வயல் அது. மூன்று தலைமுறையாக மலையாள நாட்டில் வாழும் நாங்கள், "ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிக்கொள்ளக் காரணமாக இருந்ததும் அதுவே. பத்திரம் என் பேரில் இருப்பதால் முடிவும் என் தலையில் வந்தது. ஒரு மாத அவகாசம் கேட்டேன். அந்த மாதத்தில் இத்தொழிலைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் இதுபோன்ற வினாவோடு வந்து நிற்கும் நாள் எந்த வீட்டிலும் வரலாம்.

இந்தியாவில் பிறந்து இத்துறையில் உச்சியை அடைந்தவர் ஜூபின் மேத்தா. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர்; 1935-இல் பம்பாய் சிம்பொனி வாத்தியக் குழுவை நிறுவியவர். மேலும் கற்க வேண்டுமென்று அவர் 1945-இல் நியூயார்க் சென்று சில ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை வெளிநாட்டில், தாய் பிள்ளைகளோடு வீட்டில் என்னும் நிலையை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஜூபினும் முதலில் மருத்துவப் படிப்பை நோக்கியே கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அதை இடையில் விட்டு, 1954-இல் பதினெட்டாம் வயதில் வியன்னா நகரின் இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. அங்கே அவர் செய்த ஒரு காரியம் என் மனத்தைக் கவர்ந்தது. பெரிய இசை நடத்துநர்கள் ஒத்திகை நடத்தும்போது மாணவர் சென்று பார்க்க அனுமதி இல்லை. அவரும், உடன் பயின்ற இத்தாலிய மாணவர் கிளாவுடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டனர். அந்த மண்டபத்துப் பாடகர் குழாத்தில் கனத்த குரலினர் வரிசையில் சேர்ந்துவிட்டனர். பாடுகிறவரை யார் வெளியேற்றுவர்? புரூனோ வால்டர், காராயன் முதலிய பெரியோர் கோல் பிடிப்பதை இவ்வாறு எதிரில் நின்றே கற்றனர். பிற்காலத்தில் இருவருமே உலகப் புகழ் பெற்றனர். கதவு மூடியிருந்தால் வாயிலில் நின்று வருந்தாமல், கூட்டத்தில் ஒருவராய் உள்ளே சென்று கற்பது குடியேறி வாழ்வோர் அறிந்த கலைதான்.

1956-இல் ஹங்கேரி நாட்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அகதிகள் ஆயிரமாயிரமாக ஆஸ்திரியாவுக்குள் வந்தனர். ஜூபின் ஏழே நாளில் மாணவர்களைக் கூட்டி ஒரு வாத்தியக் குழுவை அமைத்து, வியன்னாவுக்கு வெளியே ஓர் அகதி முகாமில் வாசிக்கச் செய்தார். 1958-இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பரிசாகக் கிடைத்தது ஓராண்டு உதவி நடத்துநர் பதவி.

அடுத்து வந்த வாய்ப்புகள் பிறருடைய நோயால் வந்தவை. கனடாவில் மான்ட்ரியல் நகரில் மார்க்கெவிச்சும், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஃப்ரிட்ஸ் ரைனரும் வர இயலாதபோது மாற்றாளாக அழைக்கப்பட்டவர் இந்த இளைஞர். மாற்றாளாக வந்தவரையே இரு நகரங்களும் தலைவராக்கிக் கொண்டன. மான்ட்ரியலில் 1961 முதல் 1967 வரையிலும், லாஸ் ஏஞ்சல்சில் 1962 முதல் 1978 வரையிலும் அவர் பதவி வகித்தார். ஒரே காலத்தில் இரு பெரிய வாத்தியக் குழுக்கள், வயதோ இருபத்தாறு. மாற்றாளை அழைக்கும் தந்தி, பாடம் படிக்க அவகாசம் தருவதில்லை. அழைப்பு வரும் முன்பே நூறு கருவிகளின் பாடமும் அவர் தலைக்குள் இருந்திருக்க வேண்டும்.

1963-இல் மான்ட்ரியலில் 'டோஸ்கா' என்னும் ஓபராவை நடத்தி இசை நாடகத் துறையில் அடி வைத்தார். 1965 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் 'ஐதா' நடத்தினார். நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுக்கு 1978 முதல் 1991 வரை தலைவர். மியூனிக் நகரத்துப் பவேரிய அரசு ஓபராவுக்கு 1998 முதல் 2006 வரை தலைமை இசை இயக்குநர். 1992-இல் ரோமாபுரியில், 'டோஸ்கா' கதை நிகழும் அதே இடங்களில் அதே வேளைகளில் நாடகத்தை நடிக்க வைத்துத் தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பினர். பாடுவோர் கோவிலிலும் அரண்மனையிலும் நிற்க, வாத்தியக் குழு வேறோரிடத்தில் இருக்க, அனைவரையும் இணைத்தவர் ஜூபின். 1994-இல் போரில் எரிந்த சரயேவோ நூலகத்தின் இடிபாடுகளில், இறந்தோர் நினைவாக மோட்சார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 1998-இல் பீக்கிங் நகரின் பழைய அரண்மனை வளாகத்தில், சீன இளவரசியின் கதையான 'டூராண்டாட்' ஓபராவை அவர் நடத்தினார்.

இத்தனைக்கும் இடையில் அவர் இந்தியக் குடியுரிமையை விட்டுவிடவில்லை. விருந்துகளுக்குச் செல்லும்போதும் தம் மிளகாயைத் தாமே கொண்டு செல்வார் என்பது அவரைப் பற்றி அடிக்கடி எழுதப்படும் செய்தி. இதைப் படித்துச் சொன்னபோது என் மனைவி, "அப்படியானால் நல்ல பிள்ளைதான்" என்றாள்.

தமிழ்நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு நேர்ந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியது. சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளில், பவேரிய அரசு வாத்தியக் குழுவோடு சென்னைக்கு வந்து மியூசிக் அகாடமியில் நினைவு நிகழ்ச்சி நடத்தினார். மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அந்த மேடையில் அன்று மேல்நாட்டுக் கருவிகள் நம்மவர்க்காக இரங்கின.

இனி, அவர் செய்யும் வேலைதான் யாது? இசை நடத்துநரின் முன்னே ஒரு பெரிய ஏடு விரிந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கருவிக்கு அல்லது குரலுக்கு உரியது. அனைத்தையும் அவர் ஒரே நோக்கில் படிக்கிறார். வலக்கை காலத்தை அளக்கிறது. இடக்கை, எழுக, தணிக என்று ஏவுகிறது. கோலின் அசைவு ஓசைக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும். ஓசையைக் கேட்ட பின் அசைத்தால் பயனில்லை. ஓபராவில் வாத்தியக் குழு மேடைக்கு முன்னே ஒரு பள்ளத்தில் அமர்கிறது. பாடுவோர் மேலே, சிலபோது திரைக்குப் பின்னே. பள்ளத்தில் இருப்போருக்கு மேடை தெரியாது. மேடையில் இருப்போருக்குத் தங்கள் குரலே காதை நிறைக்கும். இரு சாராரையும் ஒருங்கே காண்பவர் நடுவில் நிற்கும் அந்த ஒருவரே. பாடகி ஒரு மூச்சைச் சற்றே நீட்டினால் பள்ளத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்த மூச்சுக்காகக் காத்திருக்கும்படி அவர் செய்ய வேண்டும்.

பாலேயில் வேலை இன்னும் நுட்பமானது. ஆடுகிறவர் மேலே எழும்பினால் அவர் நிலத்தைத் தொடும் கணத்தில் தாளம் வந்து சேர வேண்டும்; தாளம் பிந்திற்று என்று அவரால் காற்றில் நிற்க முடியாது. அதனால் பாலே நடத்துபவர் ஒத்திகை அறையில் அமர்ந்து, ஒவ்வொருவர் காலும் எவ்வளவு விரைவில் எழும், எவ்வளவு மெல்ல இறங்கும் என்று மனத்தில் பதித்துக்கொள்வார். 1913 மே 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' என்னும் பாலே முதன்முதலாக அரங்கேறியபோது, புதுமையைப் பொறாத அவையினர் பெருங்கூச்சலிட்டனர். ஆடுவோருக்கு இசையே கேட்கவில்லை. ஆயினும் கோல் பிடித்திருந்த பியேர் மொந்தே திரும்பியும் பாராமல் இறுதிவரை நடத்தி முடித்தார். அதே இசையை 1969-இல் ஜூபின் மேத்தா லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவைக் கொண்டு இசைத்தட்டில் பதிந்தார்.

இவ்வளவும் படித்தபோது, இது நமக்கு முற்றிலும் அயலான தொழில் என்ற எண்ணம் என்னிடமிருந்து அகன்றது. ஆடுபவளின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைத்தாளம் இட்டுச் சொற்கட்டுச் சொல்லும் நட்டுவனாரை நாம் அறிவோம். கதகளியில் சேகண்டியைத் தட்டிப் பாடி நடிகரையும் மேளத்தையும் நடத்திச் செல்லும் பொன்னானியை இந்நாட்டில் இரவெல்லாம் கண்டிருக்கிறோம். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு நம்மைப் போலவே இங்கே வந்து சேர்ந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவரான அவர் தஞ்சையை விட்டுத் திருவிதாங்கூர் வந்து சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையை அணி செய்தார். மேல்நாட்டு வயலினை நம் இசைக்கு உரிய கருவியாக ஆக்கினார். மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். தஞ்சை நட்டுவனார் ஒருவர் ஐரோப்பியக் கருவியோடு மலையாள நாட்டு அவையில் அமர்ந்தது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். வயலின் மேதை எல். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின் இசையையே வாழ்வாகக் கொண்டு, கலிபோர்னியாவில் மேல்நாட்டு இசையும் கற்றார். 1985-இல் அவர் வேத ஒலிகளைக் கொண்டு இயற்றிய படைப்பை நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு அவரோடு சேர்ந்து வாசித்தது. கோல் பிடித்தவர் ஜூபின் மேத்தா. மருத்துவத்தை இடையில் விட்டவர் ஒருவர், முடித்துவிட்டு வந்தவர் மற்றொருவர். இருவரும் அன்று ஒரு மேடையில் இருந்தனர்.

மாசி மாதத்தில் குடும்பம் மீண்டும் கூடிற்று. என் மருமகன் அமைதியானவர், கணக்கில் தேர்ந்தவர். "மாமா, நீங்கள் சொன்னவர்கள் வென்றவர்கள். தோற்றவர்களின் வரலாற்றை யார் எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான வினா. வென்ற ஒருவரைக் காட்டித் தோற்ற நூறு பேரை மறைப்பது நேர்மையன்று. ஒரு வாத்தியக் குழுவில் நூறு நாற்காலிகள் இருக்கலாம். நடத்துபவரின் மேடை ஒன்றுதான். அதிலும் பெண் என்றால் தடை மிகுதி. வியன்னா பில்ஹார்மோனிக் குழு 1997 வரை ஒரு பெண்ணையும் உறுப்பினராகக் கொண்டதில்லை. மாரின் ஆல்சாப் என்னும் அம்மையார் 2007-இல் பால்டிமோர் குழுவுக்குத் தலைவரானதை உலகம் ஒரு புதுமையாகப் பேசிற்று. பின்னர் 2019-இல் அதே வியன்னாவின் வானொலி வாத்தியக் குழுவுக்கும் அவரே தலைவரானார். கதவு திறந்திருக்கிறது; அகலமாகத் திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே பேத்தியிடம் மூன்று நிபந்தனைகள் சொன்னேன். முதலாவது, பியானோவை நன்கு கற்க வேண்டும். ஓபரா அரங்குகளில் பாடகர் ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவராக நுழைந்து, உதவியாளராகி, பிறகு கோல் பிடிப்பதே நெடுங்காலமாக வழங்கிவரும் படிக்கட்டு. மேற்படியை எட்டாதவர்க்கும் கீழ்ப்படி சோறு போடும். இரண்டாவது, ஜெர்மன் மொழியும் இத்தாலிய மொழியும் கற்க வேண்டும். பாடகி எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவாள் என்பது மொழி தெரியாதவருக்குத் தெரியாது. மூன்றாவது, இங்கே கற்ற கீர்த்தனங்களை விட்டுவிடக் கூடாது. மூன்றுக்கும் அவள் இசைந்தாள். "தாத்தா, வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றையும் கேட்டு வளர்ந்த காதுதானே? இன்னும் இரண்டு ஏறாதா?" என்றாள்.

அச்சொல் என்னை நிறுத்திற்று. இருமொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள் எதையோ இழந்துவிட்டார்கள் என்றே நம் சங்கக் கூட்டங்களில் நாம் பேசி வருகிறோம். இழந்தது உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் நடுவில் நிற்பவனுக்கு இரு பக்கமும் கேட்கிறது என்பதும் உண்மை. ஒரு சொல்லை எந்தப் பக்கத்தார் எப்படிக் கேட்பார் என்று சொல்லும் முன்பே எண்ணிப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே வந்துவிடுகிறது. மேடைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிற்கும் தொழிலுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏது?

என் மனைவி மட்டும் கடைசி வரையில் பேசாதிருந்து, பிறகு ஒன்று கேட்டாள்: "வயலையும் விற்றுவிட்டால், ஊருக்குப் போக நமக்கு என்ன இருக்கிறது?" அதற்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை, இன்றும் இல்லை. மருத்துவப் படிப்புக்கு விற்பதாக இருந்தபோது அவள் இதைக் கேட்கவில்லையே என்று நினைத்தேன், சொல்லவில்லை. மருத்துவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. கோல் பிடிப்பவர் எந்த நகரத்தில் நிற்பார் என்று யார் அறிவார்? நம் பாட்டன்மார் மலையேறியபோது ஊரில் நின்ற கிழவிகளும் இதையேதான் கேட்டிருப்பர்.

அன்பர்களே, உங்கள் பிள்ளை அறியாத தொழில் ஒன்றன் பெயரைச் சொன்னால், உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் ஒரு மாதம் கேளுங்கள். அந்த மாதத்தில் அத்தொழிலின் மேற்படியை மட்டுமல்லாமல் முதற்படியையும் பாருங்கள். முதற்படியில் நிற்கவும் பிள்ளைக்கு மனம் இருக்கிறதா என்று பாருங்கள். பாடகர் வரிசையில் நின்று கற்கத் துணிந்தவருக்கே பின்னர் மேடை கிடைத்தது.

சித்திரையில் வயலில் ஒரு பாதியை விற்றுப் பத்திரம் முடித்தோம். பேத்தி ஆனி பிறந்ததும் சென்னைக்குச் சென்று பியானோவும் மேல்நாட்டு இசை இலக்கணமும் பயிலத் தொடங்கியிருக்கிறாள். வியன்னாவைப் பற்றி அதன் பின்னரே பேச்சு. மறுபாதி வயலில் இந்தக் காருக்கு நாற்று நட்டாகிவிட்டது என்று குத்தகைக்காரர் சென்ற வாரம் சொல்லி அனுப்பினார். அச்செய்தியை என் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன்.